கணக்குக் கேட்பவர் கத்துக்குட்டி அல்ல

பேர்போன அறிவியல் புனைவுத் தொடர் ஒன்றின் கடைசி எபிசோடு சொதப்பிவிட்டால், மறுநாளே குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படுவது அதைப் பார்த்தவர்தான். தொடரை எடுத்தவர்கள், விமர்சகர்களில் பாதிப் பேர், 'நானெல்லாம் இதற்கு அலட்டிக்கொள்கிறவன் இல்லை' என்று காட்டிக்கொள்ளும் தேர்ந்த ரசிகர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரே தீர்ப்பை வாசிக்கிறார்கள். இவர்களுக்கு எல்லாவற்றையும் ஊட்டிவிட வேண்டும், பயணத்தை ரசிக்கத் தெரியாது, சந்தா கட்டிவிட்டதால் கதையே தங்களுக்குச் சொந்தம் என்று நினைக்கிறார்கள் என்று போகும் அந்தத் தீர்ப்பு. தமிழ்நாட்டுப் பதிப்பில் இன்னொரு பத்தியும் சேரும்: நம்மூர் ஆட்களுக்கு அறிவியல் புனைவு ஏறாது, அவர்களுக்கு வேண்டியது சண்டையும் பாட்டும் சுபமும்தான். இந்தப் பத்தியைச் சொல்கிறவர் 'நம்மூர் ஆட்கள்' என்னும்போது தன்னை அதில் சேர்த்துக்கொள்வதில்லை. அவர் மனத்தில் இருப்பது பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் வடசென்னை, ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர். விசிலடிக்கும் கூட்டம் என்று அவர் நினைத்துவைத்திருக்கும் கூட்டம். இந்தத் தீர்ப்பு தலைகீழானது என்பது என் வாதம். ஓர் அறிவியல் புனைவுத் தொடரின் முடிவைப் பார்த்துக் கொதிப்பவர் பெரும்பாலும் அந்தத் தொடரை ஒழுங்காகப் பார்த்தவர். கதை தானே விதித்துக்கொண்ட விதிகளை நினைவில் வைத்திருந்தவர். எடுத்தவர்கள் மறந்துவிட்டதை மறக்காமல் இருந்ததுதான் அவர் செய்த குற்றம்.

முதலில் அந்த 'ஏறாது' என்ற பேச்சை முடித்துவிடலாம், அதற்கு அதிக நேரம் தேவையில்லை. வேற்றுக்கிரகத்தார் பானுமதியைக் கடத்திக்கொண்டு போவதும் எம்.ஜி.ஆர். பின்னாலேயே போய் மீட்பதும் 1963இல் 'கலை அரசி' படத்திலேயே வந்தாயிற்று. மனிதன் நிலவில் கால்வைக்க இன்னும் ஆறு வருடம் இருந்தது. 1970களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸ், மின்சாரம் பாய்ந்தால் மறைந்துபோகும் இரும்புக்கை மாயாவியை வீட்டுக்கு வீடு அறிமுகம் செய்தது. 1980களில் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' ஆனந்த விகடனில் வாரா வாரம் வந்து, பிறகு தூர்தர்ஷனிலும் தொடரானது. ஜீனோ என்ற இயந்திர நாயின் மீது பிரியம் வைக்க யாருக்கும் பொறியியல் பட்டம் தேவைப்படவில்லை. 2010இல் 'எந்திரன்' எந்தெந்த வட்டாரத்தில் ஓடியது, எங்கே ஓடவில்லை என்று யாரும் பிரித்துப் பேசியதில்லை. இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். காசிமேட்டிலிருந்து தங்குகடலுக்குப் போகும் விசைப்படகில் ஜி.பி.எஸ். இருக்கிறது, எக்கோ சவுண்டர் இருக்கிறது, இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டரும் வந்துகொண்டிருக்கிறது. கடல் மேற்பரப்பின் வெப்பத்தையும் நீரின் பச்சையத்தையும் செயற்கைக்கோள் அளக்க, மீன் எங்கே கூடும் என்று ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் அறிவிக்க, அந்தத் திசையில் படகைத் திருப்புவது இங்கே அன்றாட வேலை. விண்ணிலிருந்து வரும் தகவலை வைத்து டீசல் செலவைக் கணக்கிடுபவருக்கு விண்வெளிக் கதை புரியாது என்று சொல்ல, குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் துணிச்சல் வரும்.

ஆக, விவாதம் முடிவைப் பற்றியது. மற்ற வகைக் கதைகளுக்கும் அறிவியல் புனைவுக்கும் இங்கே ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. குடும்பக் கதையில் உலகம் ஏற்கெனவே கொடுக்கப்பட்டது. மாமியார் எப்படி இருப்பார், சொத்துத் தகராறு எப்படிப் போகும் என்பதெல்லாம் பார்ப்பவருக்குத் தெரியும். அறிவியல் புனைவு தன் உலகத்தைத் தானே கட்டுகிறது. இந்தத் தீவில் காந்தம் இப்படி வேலைசெய்யும், இந்தக் குகை வழியாகப் போனால் 33 வருடம் பின்னால் போகலாம், இந்த இயந்திரங்களுக்கு மனிதர்போலவே உடல் உண்டு என்று ஒவ்வொன்றாக விதிகளைப் போட்டுக்கொண்டு வருகிறது. பார்ப்பவர் அந்த விதிகளை நம்பி மனத்தில் ஏற்றிக்கொள்கிறார். நம்புவது மட்டுமா, அவற்றை வைத்துக் கணக்குப் போடுகிறார், ஊகிக்கிறார், நண்பர்களோடு சண்டைபோடுகிறார். இந்த உழைப்பைக் கேட்டு வாங்கியதே தொடர்தான். எபிசோடு முடியும்போதெல்லாம் ஒரு புதிரை வைத்து, அடுத்த வாரம் வா என்று அழைத்தது தொடர்தான். கடைசியில் 'புதிரெல்லாம் முக்கியமில்லை, உணர்ச்சிதான் முக்கியம்' என்று சொல்லும்போது, கேட்டு வாங்கிய உழைப்பைத் திருப்பித் தராமல் கையை விரிக்கிறது.

இதற்குச் சரியான உதாரணம் 'லாஸ்ட்'. 2004 செப்டம்பரில் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் தொடங்கி, 2010 மே 23 அன்று ஆறாவது சீசனோடு முடிந்த தொடர் இது. விமானம் ஒரு தீவில் விழுகிறது. வெப்பமண்டலக் காட்டில் பனிக்கரடி வருகிறது, கறுப்புப் புகை ஆட்களைக் கொல்கிறது, 4, 8, 15, 16, 23, 42 என்ற எண்கள் எங்கே பார்த்தாலும் தலைகாட்டுகின்றன, தீவில் கருத்தரிக்கும் பெண்கள் இறந்துபோகிறார்கள், வால்ட் என்ற சிறுவனிடம் ஏதோ அபூர்வ சக்தி இருப்பதாகக் காட்டுகிறார்கள். 2007இலேயே, தொடர் 2010இல் முடியும் என்று தயாரிப்பாளர்கள் நாள் குறித்து அறிவித்தும்விட்டார்கள். ஆகவே அவசரமாக முடிக்க வைத்துவிட்டார்கள் என்ற சாக்குக்கு இடமில்லை, மூன்று வருட அவகாசம் இருந்தது. ஆனால் கடைசி சீசன் முழுக்க இன்னொரு இணை உலகத்தைக் காட்டி, அதன் மர்மம் என்ன என்று யோசிக்கவைத்துவிட்டு, இறுதியில் அது இறந்தவர்கள் ஒருவரையொருவர் சந்திக்கும் இடம் என்று தேவாலயக் காட்சியோடு முடித்தார்கள். முதல் எபிசோடிலிருந்தே எல்லாரும் செத்துப்போனவர்கள்தானா என்று ஏராளமானோர் குழம்பினார்கள். இதைத்தான் 'பாருங்கள், இவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை' என்று இன்றுவரை எடுத்துக்காட்டுகிறார்கள். குழப்பத்துக்கு உதவியது எது என்பதை மட்டும் சொல்வதில்லை. கடைசி எழுத்துகள் ஓடும்போது, ஆளில்லாத கடற்கரையில் விமானச் சிதைவு கிடக்கும் படங்களை ஏபிசியே சேர்த்து ஒளிபரப்பியது. அதற்கும் கதைக்கும் தொடர்பில்லை என்று பிறகு விளக்கம் கொடுக்க வேண்டிவந்தது. சரி, குழம்பாமல் பார்த்தவர்களின் புகார் என்ன? தேவாலயம் அவர்களுக்குத் தெளிவாகவே புரிந்தது. பனிக்கரடி என்ன ஆனது, வால்ட் என்ன ஆனான் என்றுதான் கேட்டார்கள். அதே வருடம் வெளியான டிவிடியில் பன்னிரண்டு நிமிடக் கூடுதல் படம் ஒன்று சேர்க்கப்பட்டது. அதில் கரடிக்கும் விளக்கம் இருந்தது, வால்டும் வந்தான். கேள்விகள் சிறுபிள்ளைத்தனமானவை என்றால் அவற்றுக்குப் பதில் சொல்லும் படத்தை எதற்கு எடுக்க வேண்டும்? கடன் இருந்தது என்பது கொடுத்தவருக்கும் தெரியும், வாங்கியவருக்கும் தெரியும். பாக்கியைத் தனியாக விற்றார்கள், அவ்வளவுதான்.

'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா' கதையும் இதற்கு அண்ணன் தம்பி. மனிதகுலத்தை அழித்த இயந்திரங்களிடம் ஒரு திட்டம் இருக்கிறது என்று தொடரின் தொடக்கத்தில் எழுத்துப் போட்டே சொன்னார்கள், ஒருமுறை இருமுறை இல்லை, எபிசோடுக்கு எபிசோடு. 2009 மார்ச்சில் தொடர் முடிந்தபோது அந்தத் திட்டம் என்ன என்று தெளிவாகவில்லை. இறந்து திரும்பிவந்த விமானி ஸ்டார்பக் யார் என்று கேட்டால், பேசிக்கொண்டிருக்கும்போதே காற்றில் மறைந்துபோனார். விண்கலங்களை எல்லாம் சூரியனுக்குள் செலுத்திவிட்டு, எஞ்சிய மக்கள் வெறுங்கையோடு ஆதிவாசி வாழ்க்கைக்குப் போனார்கள், நாலு சீசனாக ஒரு குப்பி மருந்துக்கும் ஒரு கலம் எரிபொருளுக்கும் அடித்துக்கொண்ட அதே மக்கள். ஏழு மாதம் கழித்து 'தி பிளான்' என்ற பெயரிலேயே ஒரு தொலைக்காட்சிப் படம் வந்தது. அந்தத் தொடரின் அரசியலும் போர்க்காட்சிகளும் இன்றும் உயர்ந்த தரம், அதில் எனக்கு மறுப்பில்லை. கடைசி எபிசோடு கெட்டதால் முன்னால் இருந்த நல்லதெல்லாம் கெட்டுப்போகாது. ஆனால் நல்லதாக இருந்த பகுதியை முன்னால் நீட்டி, கெட்டுப்போன பகுதியைப் பற்றிப் பேசாதே என்பது வாதம் ஆகாது.

'உங்களுக்கெல்லாம் சுபம் போட வேண்டும், அது இல்லையென்றால் கத்துவீர்கள்' என்பது அடுத்த குற்றச்சாட்டு. 1982இல் 'மூன்றாம் பிறை'யின் ரயில் நிலையக் காட்சியைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிய, 'சேது'வையும் 'பருத்திவீர'னையும் ஓடவைத்த ரசிகர்களைப் பார்த்து இதைச் சொல்வது வேடிக்கைதான். அறிவியல் புனைவுக்குள்ளேயே பதில் இருக்கிறது. ஜெர்மனியில் பாரன் போ ஓடர், யான்ட்யே ஃப்ரீஸே இருவரும் உருவாக்கிய 'டார்க்' நெட்ஃப்ளிக்ஸில் 2017 டிசம்பரில் தொடங்கி மூன்றே சீசனில் முடிந்தது. நான்கு குடும்பங்கள், பல காலங்கள், ஒரே ஆள் மூன்று வெவ்வேறு வயதுகளில் ஒரே அறையில், மகள் தன் தாய்க்கே தாயாகும் வம்சாவளி என்று தாளில் வரைந்து பார்க்காமல் பின்தொடர முடியாத கதை. அதன் முடிவில் நாயகனும் நாயகியும் இறப்பதுகூட இல்லை, பிறக்காமலே போய்விடுகிறார்கள். இதைவிடத் துயரமான முடிவைக் கற்பனை செய்வது கடினம், இதைவிடச் சிக்கலான தொடரைக் காட்டுவதும் கடினம். இரண்டு காரணங்களாலும் பார்ப்பவர்கள் வெகுண்டிருக்க வேண்டும், எதிர்த்தரப்பின் கொள்கைப்படி. நடந்தது என்ன? தொலைக்காட்சி வரலாற்றின் நிறைவான முடிவுகளில் ஒன்றாக அதைப் போற்றுகிறார்கள். காரணம் எளிது. தொடங்கும்போதே மூன்று சீசன் என்று திட்டம் இருந்தது, போட்ட முடிச்சை அந்த விதிப்படியே அவிழ்த்தார்கள். கதையில் உலகம் அழியும் நாள் 2020 ஜூன் 27 என்று முன்பே சொல்லி, கடைசி சீசனை அதே நாளில் வெளியிடும் அளவுக்குக் கணக்கில் கறாராக இருந்தார்கள். அந்தக் கறாரைப் பார்ப்பவர் உணர்கிறார், அதற்கு மரியாதை தருகிறார். துயரத்தையும் சிக்கலையும் தாங்கிக்கொள்ளும் அதே ரசிகர் தாங்க மறுப்பது ஏமாற்றை மட்டும்தான்.

ஆனால் படைப்பாளியின் சுதந்திரம் என்ற பெரிய எதிர்வாதம் இன்னும் இருக்கிறது. கதை எழுதுகிறவர் எங்கே வேண்டுமானாலும் முடிக்கலாம், அதற்கு யாருக்கும் விளக்கம் சொல்லக் கடமைப்பட்டவர் இல்லை என்கிறார்கள். தமிழில் இந்தக் கேள்விக்கு ஒரு முன்னுதாரணம் இருக்கிறது, அதைவிடப் பெரிய முன்னுதாரணம் வேறெங்கும் இருக்கிறதா என்பது எனக்குச் சந்தேகம். 'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபர் முதல் 1954 மே வரை கல்கி இதழில் வாரம்தோறும் வந்தது. இன்றைய மொழியில் சொன்னால் ஐந்து சீசன். அது முடிந்ததும் வாசகர்களில் பலர் திருப்தியடையவில்லை. சட்டென்று முடிந்துவிட்டது, வந்தியத்தேவன் கதி என்ன, குந்தவை என்ன ஆனாள், மற்றவர்கள் எல்லாம் எங்கே போனார்கள் என்று எழுதினார்கள். தமிழ்நாட்டின் மிகப் புகழ்பெற்ற எழுத்தாளர் அப்போது என்ன செய்தார்? வாசகனுக்குப் பக்குவமில்லை என்று ஒதுக்கவில்லை, பயணத்தை ரசியுங்கள் என்று உபதேசிக்கவும் இல்லை. தனியாக ஒரு முடிவுரையே எழுதினார். அவருடைய மற்ற இரண்டு சரித்திர நாவல்களைப்போல இதை ஏன் முடிக்க முடியாது, இந்தக் கதையின் உச்சம் எது என்று காரணம் காட்டினார். கையில் கிடைத்த மகுடத்தை அருள்மொழி இன்னொருவர் தலையில் சூட்டும் இடத்தில்தான் கதை முடிய வேண்டும் என்பது அவர் கணக்கு, கடைசிப் பாகத்தின் பெயரே தியாகச் சிகரம். அதன்பிறகு, பாத்திரங்களுக்குப் பின்னால் என்ன நேர்ந்தது என்பதையும் வரிசையாகச் சொன்னார். முடிவை மாற்றவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்ற புகைமூட்டத்தை அப்படியேதான் விட்டார், எழுபது வருடமாக அதைப் பற்றிச் சண்டை நடக்கிறது. முடிவில் உறுதியாக இருப்பதும், முடிவைக் கேள்வி கேட்பவருக்கு மரியாதையாகப் பதில் சொல்வதும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை என்று காட்டிவிட்டு, அந்த வருடம் டிசம்பரில் மறைந்தார். இன்றைய தொடர்க்காரர்களுக்குக் கல்கியைவிடச் சுதந்திரம் குறைவா, அல்லது பெருமை அதிகமா?

ஒன்றுவிடாமல் தெளிவுபடுத்தினால்தான் நல்ல முடிவு என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. 1990களில் சன் டிவியில் இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்கிய 'மர்மதேசம்' வரிசையை நினைத்துப் பாருங்கள். கவிதாலயாவின் தயாரிப்பு அது. 'விடாது கருப்பு' கடைசியில் மனநோய் என்ற மருத்துவ விளக்கத்தையும் வைத்தது, கருப்பசாமியை நம்புகிறவருக்கு ஒரு கதவையும் திறந்துவைத்தது. யாரும் ஏமாற்றப்பட்டதாக உணரவில்லை, ஏனென்றால் இரண்டு வாசல்களும் முதல் வாரத்திலிருந்தே திறந்துதான் இருந்தன. சுஜாதாவும் 'என் இனிய இயந்திரா'வில் நல்ல பிள்ளையாக முடிக்கவில்லை. சர்வாதிகாரி ஜீவாவே ஒரு தோற்றம் என்று தெரியவந்த பிறகும் விடுதலை கிடைக்காமல், நாயகி நிலா இன்னொரு பொம்மையாகச் சிம்மாசனத்தில் ஏறுகிறாள். கசப்பான முடிவுதான், ஆனால் ஆட்சி என்பது காட்சி என்று ஆரம்பத்திலிருந்து சொல்லிவந்த கதைக்கு இதைவிடப் பொருத்தமாக முடிய வழியில்லை. தெளிவின்மையை முதலிலேயே விதைத்துவிட்டு அறுவடை செய்வது வேறு, தெளிவு தருவதாகச் சொல்லிக் கூட்டிப்போய் இருட்டில் விடுவது வேறு. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவர் விமர்சகராக இருக்கலாம், நல்ல பார்வையாளராக இருக்க முடியாது.

எதிர்த்தரப்புக்கு ஓரிடத்தில் நான் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' 2019 மே மாதம் முடிந்தபோது, எட்டாவது சீசனைத் திறமையான எழுத்தாளர்களை வைத்துத் திரும்ப எடுக்க வேண்டும் என்று ஒரு மனுவில் 15 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். அது மாயாஜாலக் கதை, அறிவியல் புனைவு இல்லை, இருந்தாலும் இந்த விவாதத்தில் அதைத்தான் எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அந்தக் கோரிக்கை அபத்தம். எழுதி முடித்த கதையைக் கூட்டம் சொல்லி மாற்றி எழுத முடியாது. நம்மிடம் இதன் கொடிய வடிவமும் உண்டு. 1857 கலகத்தின் பின்னணியில் சுஜாதா குமுதத்தில் எழுதிய 'கறுப்பு சிவப்பு வெளுப்பு' ஒரு சமூகத்தினரின் எதிர்ப்பாலும் மிரட்டலாலும் பாதியில் நிறுத்தப்பட்டு, பிற்பாடு 'ரத்தம் ஒரே நிறம்' என்று வேறு கதையாக வர வேண்டியிருந்தது. அங்கே நடந்தது வாசக எதிர்வினை என்ற பெயருக்கே தகுதியற்றது. ஆனால் கேள்வி கேட்பவரையும் கத்தியைக் காட்டுபவரையும் ஒரே கூண்டில் ஏற்றுவதுதான் 'உரிமை கொண்டாடும் ரசிகர்' என்ற பழியின் தந்திரம். பத்துப் பேர் நடிகர்களை வசைபாடினால், வால்ட் என்ன ஆனான் என்று கேட்ட பத்தாயிரம் பேருக்கும் வாய்ப்பூட்டு. நியாயமான புகாருக்குப் பதில் சொல்ல முடியாதபோது மோசமான புகாரைத் தேடிப்பிடித்து முன்னால் நிறுத்துவது பழைய வக்கீல் வேலை.

சத்தம் ஏன் முடிவில் மட்டும் வெடிக்கிறது என்று கேட்பவர்கள், சத்தம் போட வேறு நேரம் கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வார இதழ்த் தொடரில் வாசகர் கடிதம் நடுவிலேயே போகும். ஒரு பாத்திரம் காணாமல் போனால் மூன்றாவது வாரமே கேள்வி வந்துவிடும், எழுதுகிறவர் விழித்துக்கொள்வார். வாராந்திரத் தொலைக்காட்சித் தொடரிலும் ஓரளவு அது நடந்தது. ஓடிடி அதை ஒழித்தது. மிலிந்த் ராவ் இயக்கத்தில் ஆர்யா நடித்த 'தி வில்லேஜ்' 2023 நவம்பர் 24 அன்று அமேசான் பிரைமில் ஆறு எபிசோடும் ஒரே நாளில் வந்தது. தூத்துக்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் குடும்பமே காணாமல் போவதில் தொடங்கி, உருத்திரிந்த மனிதர்கள், கூலிப்படை என்று விரியும் கதை. தமிழில் அரிதாக எடுக்கப்படும் அறிவியல் திகில் தொடர் என்பதால் எதிர்பார்ப்பு இருந்தது. மனிதரை இப்படி ஆக்கியது எது, யார் என்ற கேள்விதான் அதன் முதுகெலும்பாக இருந்திருக்க வேண்டும். தொடரோ ரத்தத்துக்கும் சதைக்கும் கொடுத்த நேரத்தை அந்தக் கேள்விக்குக் கொடுக்கவில்லை. இதை இரண்டாவது எபிசோடில் யாராவது சொல்லியிருந்தாலும் பயனில்லை, ஆறாவது ஏற்கெனவே வெளியாகிவிட்டது. பார்ப்பவர் வாய் திறக்கக் கிடைக்கும் ஒரே இடம் முடிவு என்று ஆக்கிவிட்டு, முடிவில் மட்டும் கத்துகிறார்கள் என்று குறைபட்டுக்கொள்வது என்ன நியாயம்? முடிவே வராமல் போகும் கதைகளும் இருக்கின்றன. 'டார்க்' எடுத்த அதே இருவர், அதே நெட்ஃப்ளிக்ஸில் 2022 நவம்பரில் '1899' தொடரைக் கொண்டுவந்தார்கள். கப்பல் கதை என்று நினைத்தது விண்கலக் கதை என்று முதல் சீசனின் கடைசி நிமிடங்களில் புரண்டது. இரண்டு மாதம்கூட ஆகவில்லை, 2023 ஜனவரி 2 அன்று தொடர் நிறுத்தப்பட்டதாக அவர்களே அறிவிக்க நேர்ந்தது. திறமை அதே, பார்வையாளர் அதே. மாறியது முதலாளியின் கணக்கு மட்டும். அந்த ஏமாற்றத்துக்கு ரசிகரின் பக்குவமின்மை எப்படிக் காரணமாகும்?

'வெறும் பொழுதுபோக்குக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா' என்று கடைசியாக ஓர் அலட்சியம் வரும். காசிமேட்டில் இதைச் சொல்லிப் பார்க்கலாம். தங்குகடலுக்குப் போன லாஞ்சு பல நாள் கழித்துத் துறைமுகம் சேர்ந்து, மீன் ஏலம் போய், டீசல், ஐஸ் செலவெல்லாம் கழித்து உரிமையாளருக்கும் தொழிலாளிக்கும் பங்கு பிரிக்கும்போது, 'அலையும் காற்றும் அருமையாக இருந்ததே, பங்கைப் பற்றி ஏன் கேட்கிறாய்' என்று யாரும் பேசுவதில்லை. முடிவில் கணக்கு உண்டு என்பதால்தான் பயணத்துக்கு ஆள் ஏறுகிறது. தொடரின் கடைசி எபிசோடும் பங்கு பிரிக்கும் நாள்தான். இந்த வட்டாரத்தாருக்குக் கணக்கு முடிக்காமல் மூடப்படும் கதைகள் திரையில் மட்டும் வருவதில்லை. 2017 ஜனவரி 28 அதிகாலையில் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதியபோது பெரிய பாதிப்பில்லை என்றுதான் முதலில் சொன்னார்கள். பிறகு மீனவர்களும் மாணவர்களும் கரையில் நின்று வாளியால் எண்ணெய்க் கசடை அள்ளியதை நாடே பார்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலையின் எண்ணெய் கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் முகத்துவாரத்திலும் பரவியது. அதே மாதம் 26ஆம் தேதி இரவு உர ஆலைக்குப் போகும் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பெரியகுப்பம் மக்கள் மூச்சுத்திணறி இரவோடிரவாக ஓடினார்கள். ஒவ்வொன்றிலும் 'யார் பொறுப்பு' என்று கேட்டவர்களுக்குக் கிடைத்த பட்டம் ரசிகர்களுக்குக் கிடைப்பதுதான்: விவரம் புரியாமல் சத்தம் போடுகிறவர்கள். இரண்டையும் சமமாக்கவில்லை, நுரையீரல் வேறு, நெட்ஃப்ளிக்ஸ் வேறு. கேள்வி கேட்பவரின் அறிவைச் சந்தேகிப்பதன் மூலம் கேள்வியைக் கொல்லும் முறை ஒன்றுதான் என்கிறேன்.

திரைக்கதைகளும் இந்தப் பகுதியை அப்படித்தான் கையாள்கின்றன. 2018இல் வந்த 'டிக் டிக் டிக்'கில் விண்கல் முதலில் வந்து விழுவது எண்ணூரில். (வேறு எங்கே விழும்? அனல்மின் நிலையச் சாம்பல் விழும் இடத்தில்தான் கல்லும் விழுகிறது.) ஆபத்து எவ்வளவு பெரியது என்று காட்டுவதற்கு அங்கே சிலர் சாக வேண்டியிருக்கிறது, அத்தோடு எண்ணூரின் வேலை முடிந்தது, கதை விண்வெளிக்குப் போய்விடுகிறது. அதே வருடம் அக்டோபரில் 'வடசென்னை' வந்தது. நாயகன் அன்புவின் கதை தொடரும் என்று சொல்லி முடித்தார்கள், ரசிகர்கள் வருடக்கணக்கில் இரண்டாம் பாகத்தைக் கேட்டார்கள். அந்தக் கேள்வியையும் சிலர் தொல்லை என்றார்கள். சொல்லிவிட்டுப் போனவருக்கு மறந்துபோகலாம். காத்திருப்பவரும் மறக்க வேண்டும் என்று எந்த அழகியல் நூலில் இருக்கிறது?

தொலைக்காட்சி வியாபாரத்தின் இயல்பே இப்படித்தான், எத்தனை சீசன் கிடைக்கும் என்றே தெரியாதபோது யாரால் ஒழுங்காக முடிக்க முடியும் என்பவர்களுக்கு ஒரு பழைய தொடரை நினைவூட்ட வேண்டும். ஜே. மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கி 'பாபிலோன் 5' தொடரை ஐந்து வருடக் கதையாகவே திட்டமிட்டுத் தொடங்கினார். நான்காவது வருடத்தில் தொடர் நின்றுவிடும் என்ற நிலை வந்தது. கதையை அந்தரத்தில் விட்டுவிட்டு நிறுவனத்தின் மேல் பழிபோட அவருக்கு எல்லா வசதியும் இருந்தது. ஐந்தாவது வருடத்துக்கு வைத்திருந்ததில் ஒரு பகுதியை நான்காவதிலேயே சுருக்கி அடைத்து, இறுதி எபிசோடையும் அப்போதே படம்பிடித்துவிட்டார். பிறகு இன்னொரு அலைவரிசை ஐந்தாவது வருடத்தை எடுத்துக்கொண்டதும், எடுத்த முடிவைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, நான்காவது சீசனுக்கு வேறொரு இறுதி எபிசோடைப் புதிதாக எடுத்தார். பூட்டிவைத்தது 1998 நவம்பர் 25 அன்று ஒளிபரப்பானது. அதற்காக அவருக்குத் தனி டிவிடி எதுவும் போட வேண்டியிருக்கவில்லை.